படத்தில் தெரியும் கிழிசல்

தோள் நோகிறதென்று இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் மாட்டாமல் தவிக்கும் ஒருவர், வைத்தியரின் கை தம் தோளைத் தொடுவதற்கு முன்னரே எம்.ஆர்.ஐ. எடுத்து, அந்தப் பெரிய உறையை நோகாத கையில் இடுக்கிக்கொண்டு வந்து நிற்பது இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. உறைக்குள்ளிருக்கும் ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்ற ஒரு சொல் இருந்துவிட்டாலோ, அன்று முதல் அவர் கையைத் தூக்கவே அஞ்சுகிறார். அந்த அச்சத்தில் பெரும்பகுதி அநாவசியமானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

நான்கு தசைகளின் நாண்கள், சட்டையின் கைப்பட்டி மணிக்கட்டைச் சுற்றுவதுபோல், மேற்கை எலும்பின் தலையைச் சூழ்ந்து பற்றியிருக்கின்றன. வயது ஏற ஏற அவை, நெடுநாள் நீர் இறைத்த கிணற்றுக் கயிற்றைப்போல, இழை இழையாக நைவது சரீரத்தின் இயல்பே. தோளில் யாதொரு உபாதையும் இல்லாத 96 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1995-இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வொன்றில், மூவரில் ஒருவருக்கு நாண் சிறிதளவேனும் கிழிந்திருந்தது. 60 வயதைக் கடந்தவர்களிலோ பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு! ஆகவே படத்தில் கிழிசல் தெரிவது ஒன்று. அதுவே இன்றைய வலிக்குக் காரணம் என்பது வேறொன்று. இவ்விரண்டையும் இணைத்துக் காட்ட வல்லது வைத்தியரின் கைப்பரிசோதனைதான்.

படம் வேண்டுமென்று அப்பரிசோதனைக்குப் பின் தோன்றினாலும், அல்ட்ராசவுண்டை நாம் உரிய அளவு மதிப்பதில்லை. பின்புறப் பையிலிருந்து எதையோ எடுப்பவர்போல் கையை வைக்கச் சொன்னால், தோள்முனை எலும்பின் அடியில் ஒளிந்திருக்கும் நாண் முன்னே வந்து காட்சி தரும். கை அசைய அசைய அதன் ஓட்டத்தையும் காணலாம். நோயாளியோ 'இங்கேதான்' என்று வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டலாம். முழுக் கிழிசலைக் கண்டறிவதில், பழகிய கையில் அது எம்.ஆர்.ஐ.க்குப் பெரிதும் சமமானது, செலவும் குறைவு.

ஆனால் நேற்று வரை நன்றாயிருந்த ஒருவர் மாடிப்படியில் விழுந்து, எழுந்ததிலிருந்து கையைத் தூக்க முடியவில்லை என்றால் அது முற்றிலும் வேறு விஷயம். அங்கே படம் எடுப்பதில் தாமதமே கூடாது. அறுந்த நாண் பின்வாங்கி, தசையின் நடுவே கொழுப்பு படிந்துவிட்டால், பிறகு தைத்தாலும் பழைய தசை பெரும்பாலும் மீள்வதில்லை என்பதை 1994-இலேயே பிரெஞ்சு ரணசிகிச்சை நிபுணர் கூத்தாலியே சி.டி. படங்களைக் கொண்டு தரம் பிரித்து விளக்கியிருக்கிறார்.

மற்றவர்கள் பொருட்டு நான் வேண்டுவது ஒன்றே: நடுவயது கடந்தவரின் ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்று அச்சிடும் நிலையங்கள், 'இவ்வயதில் வலியற்றோரிடமும் இது காணப்படுவதுண்டு' என்னும் ஒரு வரியையும் அதன் கீழே அச்சிடட்டும்.