பட்டாசலில் ஒரு வளை

தென்காசியிலும் மேலகரத்திலும் இலஞ்சியிலும் இடிபடாமல் எஞ்சி நிற்கிற பழைய வீடுகளில் ஒன்றுக்குள் நுழைகிறவர்கள் கொஞ்சம் குனிந்து பார்த்தால், திண்ணையின் அடியிலே ஒரு முழ உயரத்தில் சிறு வாசலொன்று விட்டிருப்பதையும், மேலிருந்து கீழே இறங்கும் பலகைக் கதவு அதற்குப் பொருத்தியிருப்பதையும் காணக்கூடும். அது கோழி அடையும் இடம். திண்ணை கட்டும்போதே கொத்தனாருடைய கணக்கில் சேர்ந்துவிட்ட இடம். புறவாசலில் மாட்டுக்குத் தொழுவம், சுவரின் மாடத்தில் புறாவுக்கு ஒதுக்கம், தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் மூடிவைக்கப் பஞ்சாரம் என்று, மனிதரோடு கூட வாழும் பிராணிகளுக்கு வீட்டின் அமைப்பிலேயே ஸ்தானம் கொடுத்திருந்த காலம் அது. அந்தப் பழக்கத்தை நாம் மறந்துவிட்டதனால் மிகவும் கஷ்டப்படுகிற ஒரு ஜீவனைப் பற்றி இங்கே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

அந்த ஜீவன் முயல். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்று ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வருகிற குடும்பங்கள் இப்போது எங்கள் பக்கத்தில் அதிகமாகியிருக்கின்றன. முதல் ஒரு வாரம் அது பட்டாசலிலே, அதாவது வீட்டின் நடுக்கூடத்திலே, எல்லாருடைய மடியிலும் கிடக்கிறது. பிறகு கம்பிக்கூண்டு வருகிறது. கூண்டு பார்க்க நன்றாக இல்லை. விருந்தாளிகள் வரும்போது மூக்கைச் சுளிக்கிறார்கள். ஆகவே கூண்டு முன்பக்கத்துத் தார்சாவுக்கும், தார்சாவிலிருந்து மாடிப்படிக்கு அடியிலும், அங்கிருந்து மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்கும் நகர்ந்து போகிறது. அதை அங்கே அனுப்பியவர்களை நான் கொடியவர்கள் என்று சொல்லமாட்டேன். அவலட்சணமான பொருள் எதுவும் வீட்டில் கண்ணுக்குப் படாத மூலைக்குத்தான் போகும். முயல் அந்தப் பொருளுக்குள்ளே இருந்ததனால் அதுவும் கூடவே போயிற்று. ஆகையால், முயலுக்கு அமைக்கும் இருப்பிடம் வீட்டின் அலமாரியோடும் கட்டிலோடும் ஒத்துப்போகும்படி அழகாக இருக்கவேண்டும் என்பதை நான் ஆடம்பரமாகக் கருதவில்லை. அந்தப் பிராணி மனிதர் நடுவில் இருப்பதற்கும் உயிரோடு இருப்பதற்கும் அந்த அழகே பாதுகாப்பு என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயம் எனக்கு ஒரு சித்திரை மாதத்தில் உண்டாயிற்று. தென்காசியில் என் உறவினர் வீட்டு மொட்டைமாடியிலே, தகரத்தின் கீழே, வெள்ளை முயலொன்று காதுகளைத் தொங்கவிட்டு, வாய் திறந்து மூச்சிரைத்துக் கிடந்ததை நான் கண்டபோது மணி பகல் இரண்டு. தண்ணீர்க் கிண்ணம் நிறைந்தே இருந்தது, ஆகாரத்திற்கும் குறைவில்லை. எனினும் சாயங்காலத்திற்குள் அது இறந்துவிட்டது. நம்மைப்போல் வியர்த்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும் சௌகரியம் முயலுக்கு இல்லை; அந்த நீண்ட காதுகளின் ரத்தக் குழாய்கள் வழியாகத்தான் அது உடம்பின் உஷ்ணத்தைப் பெரும்பாலும் வெளியே விடுகிறது. பதினைந்து முதல் இருபத்தைந்து டிகிரி வரையில் அதற்கு இதமான காலநிலை. முப்பதைத் தாண்டினால் துன்பம் தொடங்குகிறது. தகரத்தின் அடியில் சித்திரை வெயில் எத்தனை டிகிரியாகியிருக்கும் என்று அன்று யாரும் அளந்து பார்க்கவில்லை. கீழே, சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த மச்சும் உள்ள பட்டாசலில், நாங்கள் பாய் விரித்துச் சுகமாகப் படுத்திருந்தோம் என்பதே எனக்கு இன்றைக்கும் உறுத்தலாக இருக்கிறது.

அந்தக் கம்பிக்கூண்டு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் விஷயம் விளங்குகிறது. நம் மாநிலத்தில் முயல் வளர்ப்பு பரவியது இறைச்சிக்காகவும் ரோமத்திற்காகவும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்களிலிருந்து சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜயண்ட் முதலிய ஜாதிகள் சமவெளிப் பண்ணைகளுக்கு இறங்கி வந்தன. பண்ணைக்குரிய கூண்டும் கூடவே வந்தது. வளர்ந்த முயல் ஒன்றுக்கு ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று பண்ணைக் குறிப்புகள் அளவு சொல்லுகின்றன. இறைச்சி முயல் சில மாதங்களுக்குள் விற்கப்பட்டுவிடும். அந்தத் தொழிலின் கணக்கு அது. செல்லமாக வீட்டில் வளரும் முயலோ எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடியது. சில மாதங்களுக்கென்று வகுத்த அளவில் பத்து வருஷ ஆயுளை அடைத்துவைத்தால், கம்பியில் நின்று நின்று பாதம் புண்ணாகி, எலும்பு தளர்ந்து, அது கூண்டின் மூலையில் பதுங்கியே காலம் கழிக்கிறது. நாயின் காலில் இருப்பதுபோல மெத்தென்ற பாதத் தசை முயலுக்குக் கிடையாது என்பதும், அடிப்பாதத்தை ரோமம்தான் காக்கிறது என்பதும் வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இவ்விடத்திலே நீக்கிவிடுவது நல்லது. குற்றால மலையடிவாரத்துப் புதர்களிலே ஓடுகிற காட்டுமுயல் வேறு, வீட்டுமுயல் வேறு. நம் காட்டுமுயல் பொந்து தோண்டுவதில்லை. புல்லிடையே சிறு பள்ளம் செய்து திறந்தவெளியில் படுத்திருந்து, ஆபத்து வந்தால் காலை நம்பி ஓடிவிடும். அதைப் பிடித்துவந்து வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அது நம் வீட்டில் பிழைக்கவும் பிழைக்காது. வீட்டுமுயலின் மூதாதையோ ஸ்பெயின் தேசத்து மண்ணில் வளை தோண்டி, கூட்டமாக வாழ்ந்த ஜாதி. பகலில் இருட்டான ஒதுக்கத்தில் முடங்கியிருந்து, விடியலிலும் அந்தியிலும் வெளியே வந்து துள்ளுவது அதன் சுபாவம். திறந்த கம்பிக்கூண்டின் நடுவிலே நாலு பக்கமும் வெளிச்சத்தில் அதை நிறுத்துவது, கதவில்லாத வீட்டில் நம்மைக் குடியிருக்கச் சொல்வதற்குச் சமானம். அதே முயலுக்கு ஒரு பழைய அலமாரியின் அடித்தட்டைத் திறந்துவிட்டால், தானாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். ஆக, மரச்சாமானுக்குள்ளே முயலுக்கு வீடு என்பது மனிதரின் கண்ணுக்காகச் செய்யும் ஜோடனை என்று யாராவது சொன்னால், முயலின் சுபாவத்தை அவர் இன்னும் கவனிக்கவில்லை என்பேன். வளை என்பதே அதற்கு இருட்டறைதானே.

மேல்நாட்டிலும் இந்த உண்மை வெகு காலம் கழித்தே உணரப்பட்டது. பிரிட்டனில் இரண்டாம் உலக யுத்த காலத்திலே, இறைச்சிப் பஞ்சத்தின் காரணமாகக் கொல்லைதோறும் பெட்டி போன்ற மரக்கூடுகளில் முயல் வளர்த்தார்கள். யுத்தம் முடிந்த பின்னும் அந்தப் பெட்டி மாத்திரம் குழந்தைகளின் செல்ல முயலுக்கென்று நிலைத்துவிட்டது. மாரினெல் ஹாரிமன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1985-இல் வீட்டுமுயல் பற்றிய கையேடு ஒன்றை வெளியிட்ட பிறகு, 1988-இல் கலிபோர்னியாவில் ஹவுஸ் ராபிட் சொசைட்டி தோன்றியது. முயலைப் பூனையைப் போலவே வீட்டுக்குள் சுதந்திரமாக வைத்திருக்கலாம் என்ற எண்ணம் அதன்பின் பரவலாயிற்று. பிரிட்டனின் முயல் நலச் சங்கத்தார் இன்று ஒரு ஜோடி முயலுக்குக் குறைந்தது மூன்று மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் எப்போதும் கிடைக்கவேண்டும் என்கிறார்கள். எங்கள் அளவில் சொன்னால் பத்தடிக்கு ஆறரை அடி. இதைக் கேட்டவுடன் தலை சுற்றவேண்டியதில்லை. பட்டாசலின் தரைதான் அதற்கு மைதானம். மரச்சாமான் வளை மாத்திரமே.

அந்த வளையை எப்படிச் செய்வது என்பதில்தான் எனக்கு உற்சாகம் அதிகம். முயல் இறந்துபோன அதே வீட்டில், மிஞ்சியிருந்த மற்றொரு முயலுக்காக, மச்சில் தூசி படிந்து கிடந்த நெல்லுப் பத்தாயம் ஒன்றைக் கீழே இறக்கினோம். மாற்றி அமைக்க வந்த ஆசாரி, பெட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு, என் உறவினரிடம், “அண்ணாச்சி, இது உள்ள கெடக்கதுக்கா, வந்து போறதுக்கா? அத மொதல்ல சொல்லுங்க” என்று கேட்டார். எத்தனையோ புத்தகங்கள் படித்து நான் தெரிந்துகொண்டதை அந்தக் கேள்வி ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. வந்து போவதற்கு என்று தீர்மானமானதும் மற்றவை தாமாகவே பிறந்தன. பெட்டிக்கு இரண்டு வாசல் வைத்தார். ஏனெனில் முயலின் வளைக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு, ஒரே வழியுள்ள இடத்தில் அதற்குப் பயம் தீராது. முன்பக்கப் பலகையில் பாதியை எடுத்துவிட்டு, பழைய வீட்டு அழிக்கதவைப் போல நெடுக்குச் சட்டங்கள் பதித்தார். மேல்மூடி அப்படியே இருந்தது. இன்று அதன்மேல் குத்துவிளக்கும் பத்திரிகைக் கட்டும் இருக்கின்றன. தெரியாதவர்கள் அது பத்தாயம் என்றே நினைக்கிறார்கள்.

வழவழப்பான தரையில் முயல் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொள்ளும் என்பதனால் உள்ளே சாயம் ஏற்றாத கோரைப்பாய் விரித்தோம். பத்தமடையில் நெய்கிற அழகான வண்ணப் பாய்க்கு ஆசை இருந்தது. ஆனால் முயலுக்குக் கடிக்கிற சுபாவம் நிற்பதே இல்லை. அதன் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கடித்துத் தேய்த்தாக வேண்டும். ஆகையால் மரச்சாமானில் அதன் வாய்க்கு எட்டுகிற இடத்திலெல்லாம் வார்னிஷும் பெயிண்டும் கூடாது; ஈயம் கலந்த பழைய பெயிண்ட் விஷமே. பிசின் ஏற்றி ஒட்டிய பிளைவுட் பலகையும் உள்பக்கத்துக்கு ஆகாது. பின்பக்கச் சுவரில் ஓடும் மின்சாரக் கம்பியை மறைத்துக் குழாய்க்குள் செலுத்தாமல் பெட்டியைச் சுவரோரம் வைப்பது மிகப் பெரிய அபாயம்.

மூத்திரத்தின் துர்நாற்றத்துக்குத்தான் எல்லாரும் அஞ்சுகிறார்கள். முயல் தானே ஒரு மூலையைத் தேர்ந்துகொண்டு அங்கேயே கழிக்கிற சுத்தமான பிராணி. தின்றுகொண்டே கழிக்கிற வழக்கமும் அதற்கு உண்டு. அந்த மூலையில், உலர்ந்த புல் வைத்த தொட்டிலுக்கு நேர் கீழே, எவர்சில்வர் தட்டொன்றை இழுப்பறைபோல வெளியே இழுக்கும்படி ஆசாரி பொருத்திக் கொடுத்தார். தட்டில் படிகிற வெள்ளைச் சுண்ணாம்புக் கறையை வினிகர் கரைத்துவிடுகிறது. வயது வந்த ஆண்முயல் நீரைத் தெளித்து எல்லை குறிக்கும். அதற்குக் கருத்தடைச் சிகிச்சையே பரிகாரம், திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, விசாரிக்கலாம். பெண்முயலுக்கும் அந்தச் சிகிச்சை கருப்பைப் புற்றுநோயிலிருந்து காப்பளிக்கிறது.

எங்கள் ஊரின் காற்றையும் ஈரத்தையும் அறியாமல் வெளியூர்க் கடையிலிருந்து தருவிக்கிற சாமான்களை நான் நம்புவதில்லை. காசிவிசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் நின்றவர்களுக்குத் தென்காசிக் காற்றின் வேகம் தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் வீசத் தொடங்கினால், குற்றாலத்துப் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் வீட்டிலுள்ள பலகையெல்லாம் உப்பிக்கொள்ளும், உலர்புல்லில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த புல்லைத் தின்ற முயல் நோயில் விழும். ஈரத்தில் அழுக்கான ரோமத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பது அதனினும் கொடியது. ஆதலால் பெட்டிக்கு நாலு அங்குலக் கால் வேண்டும்; காற்று நேரே மோதாமல் பக்கவாட்டில் புகுந்து வெளியேற வழி வேண்டும்; புல்லை அடுக்களைப் பக்கத்து உலர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். பங்குனி, சித்திரையிலே இதற்கு நேர்மாறாக, காருகுறிச்சிப் பக்கத்து மண்பானை ஒன்றைப் படுக்கவைத்து ஈரத்துணி சுற்றிவிட்டால், முயல் அதற்குள் போய் வயிற்றை மண்ணில் ஒட்டிப் படுத்துவிடுகிறது.

அழகு என்ற பெயரில் நடக்கும் அநியாயம் ஒன்றும் உண்டு; அதைச் சொல்லாவிட்டால் என் கட்சி முழுமை பெறாது. கண்ணாடிக் கதவு வைத்து, உள்ளே விளக்குப் போட்டு, பக்கத்து மேஜையின் நிறத்துக்கு நிறம் பொருத்தி, இரண்டடிப் பெட்டிக்குள் முயலைப் பொம்மைபோல் உட்கார்த்திவைக்கிற சாமான்களின் படங்களை நான் பார்த்திருக்கிறேன். காற்றில்லாத அந்தப் பெட்டி தகரக் கொட்டகைக்குத் தங்கையே. தாராளமாக அசைய இடம் தராத கூண்டில் ஒரு பிராணியை அடைப்பது 1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. தேக்கில் இழைத்த கூண்டுக்குச் சட்டத்தில் விலக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை. முயல் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும்போது காது மேல்தட்டில் இடிக்கக்கூடாது. நீட்டிப் படுத்தால் காலும் தலையும் முட்டக்கூடாது. முதலில் அதன் உடம்பை அளந்துவிட்டு அப்புறம் மரத்தை அளக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் ஏது பணம் என்று கேட்பவர்களுக்கு என் பதில், எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் யாருக்கும் வேண்டாத பத்தாயமும், கால் ஒடிந்த கட்டிலும், கதவு கழன்ற அலமாரியும் விறகுக்கடைக்குப் போகக் காத்துக்கிடக்கின்றன என்பதே. ஆசாரிக்கு இரண்டு நாள் கூலி கொடுத்தால் போதும். அதுவும் முடியாதவர்கள் முயல் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

கவிதை ரசனைக்குப் பேர்போன ரசிகமணி டி.கே.சி. தம் பிற்காலத்தைக் குற்றாலத்தில் கழித்தவர். ராஜாஜியும் கல்கியும் அவர் விருந்தாளிகளாக வந்து தங்கிய ஊர் அது. கவிதையையும் பலகாரத்தையும் ஒரே ஈடுபாட்டோடு ரசிக்கப் பழகிய இந்தச் சீமையிலே, வீட்டில் புழங்கும் ஒரு பெட்டியைக்கூட ரசனையோடு செய்யவேண்டும் என்று கேட்பது யாருக்கும் விநோதமாகத் தோன்றாது என்று நம்புகிறேன்.

போன ஆடியில் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. பத்தாயத்தின் சட்டங்களுக்கு இடையே முதலில் மூக்கு தெரிந்தது. பிறகு, நாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்த பாயின் ஓரத்துக்கு முயல் மெள்ள வந்து, வீட்டுக் கடைசிப் பெண் நீட்டிய கல்யாணமுருங்கை இலையை வாங்கிக்கொண்டு, இரண்டாவது வாசல் வழியாக உள்ளே போய்விட்டது.