காரின் மூளையை மாற்றலாமா?

திருமங்கலத்தில் இருந்து தெற்கே போகும் நாலு வழிச் சாலை அகலமானது. அதைப் பார்த்தால் சில வாலிபர்களின் கால் சும்மா இருக்காது. கம்பெனி கொடுத்த வேகம் போதாது என்று தோன்றும்.

முன்பு இப்படித் தோன்றினால் பட்டறைக்குப் போவார்கள். மெக்கானிக் கார்புரேட்டரைத் திருகிக் கொடுப்பார். இப்போது வேறு வழி வந்துவிட்டது. காரின் கம்ப்யூட்டரையே மாற்றிவிடுகிறார்கள்!

காருக்குள் கம்ப்யூட்டரா என்று தாய்மார்கள் கேட்கலாம். ஆம். இப்போது விற்கும் ஒவ்வொரு பெட்ரோல் காரிலும் அது இருக்கிறது. பார்ப்பதற்குச் சின்னப் பெட்டிதான். எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்த நொடியில் பொறி பறக்க வேண்டும் என்று என்ஜினுக்குக் கட்டளை போடுவது அதுவே. என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 50 தடவை பெட்ரோல் வெடிக்கிறது. 50 தடவையும் கணக்குத் தப்பக்கூடாது.

டர்போ என்பது என்ன?

கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றை ஊத ஊத நெருப்பு ஓங்குகிறது அல்லவா? டர்போவும் ஒரு துருத்திதான். என்ஜினில் இருந்து வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றும். வீணாய்ப் போகும் புகையைக் கொண்டே வேலை வாங்கும் இந்த யோசனைக்கு, சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர் ஆல்பிரட் பியூகி 1905-ம் ஆண்டில் உரிமை பெற்றார்.

காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகமாக வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிய 14.7 பங்கு காற்று தேவை. இது எடைக் கணக்கு. டர்போ முழு மூச்சில் ஊதும்போது, 12 பங்கு காற்றுக்கே ஒரு பங்கு பெட்ரோல் என்று தாராளமாகக் கொடுப்பார்கள். மிஞ்சும் பெட்ரோல் உள்ளே சூட்டைத் தணிக்கும்.

இந்த அளவில் கஞ்சத்தனம் செய்தாலும், பொறியை முந்திப் பறக்க விட்டாலும் வருவது நாக்கிங். வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காமல், கலவை தானாகவே கண்ட இடத்தில் வெடிக்கும். சுத்தியால் அடிப்பதுபோல் சத்தம் கேட்கும். சில நொடிகள் நீடித்தாலே பிஸ்டனில் ஓட்டை விழலாம். அப்புறம் என்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டியதுதான். செலவு லட்சத்தைத் தொடும்.

இந்தத் தொல்லை புதிதல்ல. அமெரிக்காவில் 1962-ல் ஓல்ட்ஸ்மொபில் கம்பெனி ‘ஜெட்பயர்’ என்ற டர்போ கார் விற்றது. நாக்கிங் வராமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை ஒரு புட்டியில் ஊற்றி வைக்க வேண்டும். கார் வாங்கியவர்களில் பலர் அதை ஊற்ற மறந்தார்கள்! கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிப் போட்டார்கள்.

வெளிச்சந்தையில் கிடைக்கும் கம்ப்யூட்டர்கள் மட்டமானவை அல்ல. ஆஸ்திரேலியாவின் மோடெக், ஹால்டெக், நியூசிலாந்தின் லிங்க் ஆகியவை பந்தயக்காரர்கள் நம்பும் சாதனங்கள். ஆனால் புதுப் பெட்டிக்கு உங்கள் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த குழந்தைபோல, அ, ஆவில் இருந்து சொல்லித் தர வேண்டும். காரை ‘டைனோ’ என்ற உருளையின் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓட்டி, ஒவ்வொரு வேகத்திலும் பெட்ரோலையும் பொறியையும் அளந்து எழுத வேண்டும். பொறுமையான வேலை. இதைச் செய்யாமல், எங்கிருந்தோ வந்த ஒரு கணக்கை லேப்டாப்பில் இருந்து ஏற்றி, “முடிந்தது, ஓட்டுங்கள்” என்பவர்களிடம்தான் ஆபத்து.

குளிர் நாட்டில் எழுதிய கணக்கு மதுரை வெயிலுக்கு உதவாது. கத்திரியில் இங்கே 40 டிகிரி கொதிக்கிறது. சூடான காற்றை அமுக்கினால் இன்னும் சூடாகும், நாக்கிங் நெருங்கும். பெட்ரோலும் வேறு. நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது எரிய சுமார் 13½ பங்கு காற்று போதும். சுத்தப் பெட்ரோலுக்கு எழுதிய கணக்கை அப்படியே போட்டால், என்ஜினுக்குத் தீனி குறைந்துபோகும். எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தடுக்கும் குணம் உண்டு என்பது மெய். அதை நம்பி அளவைத் திருத்தாமல் விடக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொல்கிறது. விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டை மறுக்கவும் கூடும். இதை எத்தனை பெற்றோர்களுக்கு மகன் சொல்லியிருப்பான்?

புகைச் சோதனையில் தப்பிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தப்பலாம்தான். சோதனை நடப்பது கார் நிற்கும்போது. அது புகை கக்குவது சாலையில் பறக்கும்போது!

இதற்காக எல்லாவற்றையும் தடுத்துவிட்டால் போதும் என்று நாம் சொல்லவில்லை. என்ஜினைத் திருத்தும் கை நம் சீமைக்குப் புதிதா? மதுரையில் 1911-ல் தொழில் தொடங்கினார் டி.வி.சுந்தரம் அய்யங்கார். இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, அவருடைய கம்பெனி கரி வாயுவில் பஸ் ஓட்டும் சாதனத்தைத் தயாரித்தது. கரி வாயு மெதுவாக எரியும். ஆகவே பொறியை முன்கூட்டியே பறக்க விட வேண்டும். இன்று லேப்டாப்பில் செய்யும் வேலையை அன்று மெக்கானிக்குகள் காதால் கேட்டு, கையால் செய்தார்கள்.

கோவையைப் பாருங்கள். அங்குள்ள ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாட்டா கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து, 2018 அக்டோபரில் ‘டியாகோ ஜே.டி.பி.’ காரைக் கொண்டுவந்தது. சாதாரண டியாகோ பெட்ரோல் காரின் சக்தி 85 குதிரை. இதற்கு டர்போவுடன் 114 குதிரை. என்ஜினோடு விடாமல், சஸ்பென்ஷனையும் டயரையும் சேர்த்து மாற்றினார்கள். சர்க்கார் சோதனையில் தேறிய பிறகே விற்றார்கள். விலை 6 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய். 2020-ல் அது நின்றுவிட்டது. ஆனால் முறையாகச் செய்ய முடியும் என்பதற்குச் சாட்சியாக அந்தக் கார்கள் ஓடுகின்றன.

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது இது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் மோட்டார் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருத்திய கார்களை அங்கே சோதித்து, தேறியவற்றுக்குச் சீட்டுக் கொடுக்க வழி செய்யுங்கள். மதுரை வட்டாரத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஒரு டைனோ வையுங்கள். கப்பலூர் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. கற்றுக்கொண்ட பையன்களுக்கு வேலை தேடி அலைய வேண்டியிராது.

வேகத்தைப் பார்த்தே தீருவேன் என்கிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் இருந்து பந்தயத் தளம் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்திலும் ஒன்று இருக்கிறது. காலையில் திருமங்கலத்தில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரலாம். அங்கே ஹெல்மெட் போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். குறுக்கே ஆடும் வராது, பள்ளிக்கூடப் பிள்ளையும் வராது.