கையெழுத்து இல்லாதவர்கள்

ஆர்ச்சி காமிக்ஸைப் பற்றி இங்கே எழுதுவதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை இலக்கியம் என்று ஸ்தாபிக்கும் உத்தேசம் எனக்கில்லை. ஒரு செம்பட்டைத் தலைப் பையன், அவனுக்காகப் போட்டியிடும் இரண்டு பெண்கள், கூடவே ஒரு சாப்பாட்டு ராமன். இதில் வாழ்க்கைத் தரிசனம் எதுவும் கிடையாது. குப்பையும் ஏராளம். ஆனால் இது தொழிற்சாலைச் சரக்கு, இங்கே கலைஞனே இல்லை, ஆகவே விமர்சகனுக்கு வேலையில்லை என்கிறார்களே, அந்த வாதம் பொய். கலைஞன் இருந்தான். பெயரைப் போடவில்லை, அவ்வளவுதான்.

1941 டிசம்பர் தேதியிட்ட 'பெப் காமிக்ஸ்' 22ஆம் இதழில் ஆர்ச்சி முதலில் வந்தபோது கதை விக் ப்ளூமுடையது. சித்திரம் பாப் மான்டனாவுடையது. மாசசூஸட்ஸில் ஹேவர்ஹில் என்ற ஊரில் தாம் படித்த பள்ளியிலிருந்து மான்டனா எடுத்துக்கொண்டது நிறைய. ஆனால் சிருஷ்டிகர்த்தா என்று கம்பெனி போட்டுக்கொண்டது பதிப்பாளர்களில் ஒருவரான ஜான் கோல்ட்வாட்டரின் பெயரை. பிற்பாடு மான்டனாவுக்கும் ஒரு வரி கிடைத்தது: மூலப் பாத்திரங்களின் உருவச் சாயலை உண்டாக்கியவர் என்று. அதாவது உயிர் முதலாளியுடையது, உடல் மட்டும் வரைந்தவனுடையது. சித்திரத்தில் கோட்டுக்கு வெளியே உயிர் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஐம்பதுகள், அறுபதுகளின் இதழ்களில் பெரும்பாலான கதைகளுக்குப் பெயரே கிடையாது. பார்க்கத் தெரிந்தவனுக்குப் பெயர் வேண்டியதுமில்லை. ஹாரி லூஸியின் ஆர்ச்சி கோபப்பட்டால் முதுகு, முழங்கால், விரல் எல்லாம் கோபப்படும். வசனத்தை மறைத்தாலும் நடப்பது விளங்கும். சாம் ஷ்வார்ட்ஸின் ஜக்ஹெட் சும்மா நிற்பான். வேடிக்கை அவனுக்குப் பின்னால் ஒரு மூலையில், கதைக்குச் சம்பந்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும். டான் டிகார்லோவின் கோடு வழுக்கிக்கொண்டு போகும். அதையே கம்பெனியின் பாணியாக்கி மற்றவர்களையும் அப்படி வரையச் சொன்னார்கள். ஒருவன் கையைப் பொதுச்சொத்தாக்கிவிட்டு, இங்கே தனிக் கை ஏது என்று கேட்பது வியாபார சாமர்த்தியம். அதை விமர்சகனும் திருப்பிச் சொல்வது வெட்கக்கேடு.

1963இல் தனி இதழாக வந்த 'ஜோஸி' டிகார்லோ உண்டாக்கியவள். பெயர் அவர் மனைவியுடையது. நாற்பது வருஷங்களுக்கு மேல் அந்தக் கம்பெனிக்கு வரைந்தவர், ஜோஸி சினிமாவாகப் போகிறாள் என்றபோது உரிமை கேட்டு 2000இல் வழக்குப் போட்டார். எண்பது வயதில் வேலை போயிற்று. 2001இல் வழக்கும் தோற்றது. அந்த டிசம்பரில் இறந்துபோனார்.

நீதிமன்றம் பத்திரத்தையும் காலக்கெடுவையும் பார்க்கும். அதன் வேலை அது. கையெழுத்தை ஒத்துப் பார்த்துச் செக்கைப் பாஸ் பண்ணுவது பாங்கில் என் வேலை. கையெழுத்தில்லாத செக்கைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ரசனைக்கும் அதே விதிதான் என்பவர்களைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்: பெயரில்லாத பக்கத்தில் கையை அடையாளம் காணாதவர், பெயர் போட்ட பக்கத்தில் மட்டும் எதைப் பார்க்கிறார்?