இரு தரப்பு ஒற்றர்

ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். எனினும், இரு தரப்புக்கும் ஒற்றராய் இருந்தவரை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா இன்றும் நம்முன் நிற்கிறது.

டப்ளின் காவல்துறையில் பணியாற்றிய ஈமன் பிராய், ஆங்கிலேயரின் மறைக் குறிப்புகளைப் படியெடுத்து விடுதலை வீரர் மைக்கேல் காலின்சுக்கு அளித்தார். 1933-இல் அயர்லாந்துக் காவல்துறையின் தலைவரானார்.

நம் நாட்டுப் பகத்ராம் தல்வாரோ வேறு வகையினர். பஞ்சாப் ஆளுநரைச் சுட்டமைக்காக 1931-இல் தூக்கிலேற்றப்பட்ட ஹரிகிஷனின் உடன்பிறந்தவர். 1941-இல் ‘ரஹமத்கான்’ என்னும் பெயர் பூண்டு, ஊமை வேடமிட்ட நேதாஜியைப் பெஷாவரிலிருந்து காபூலுக்கு அழைத்துச் சென்றார். பொதுவுடைமைப் பற்றாளரான அவர், அவ்வாண்டு ஜெர்மனி சோவியத் நாட்டின்மீது படையெடுத்தபின், நேதாஜி துணைநாடிய ஜெர்மானியருக்கே பொய்ச் செய்திகள் அனுப்பினார், ஆங்கிலேயருக்கும் ஒற்றரானார். ஏமாந்த ஜெர்மனியோ இரும்புச் சிலுவை விருதளித்தது!

முன்னவருக்குப் பதவி; பின்னவருக்கு மறதி. ஆயினும் பதவியை அளவுகோலாகக் கொள்ளல் தகாது என்பதே நம் கருத்து. தல்வார் பாசிசத்தை எதிர்த்தது கொள்கை. தம்மை நம்பிய தலைவரை இருளில் வைத்தது பழி. ஒன்றைப் போற்றி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது. பீளமேட்டில் பயிலும் நம் மாணவர் இரண்டையும் அறிந்து, தாமே தீர்ப்பளித்தல் வேண்டும்.