மஞ்சள் லைட் எரிஞ்சா உடனே சென்சரை மாத்தணுமா?

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். வரியோட வர்ற விலையைக் கேட்டா நம்ம ஆட்கள் பழைய காரையே தடவிக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. அதனால ஹட்டன், நுவரெலியாப் பக்கம் 20 வருஷம் ஓடின கார்கள் இன்னும் ஓடும். தோட்டத்திலிருந்து ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போறதும் பல நேரம் அப்படியொரு ஹயர் காரில்தான்.

இந்தக் கார்களில் 'செக் எஞ்சின்' லைட் எரிந்தால் நடப்பது இதுதான்: கராஜில் ஸ்கேன் போடுவாங்க, "ஒட்சிசன் சென்சர் போயிட்டு" என்பாங்க, புதுசு வாங்கச் சொல்வாங்க. மாற்றிய பிறகும் சில நேரம் லைட் திரும்ப எரியும். ஸ்கேனரில் வரும் கோட் ஒரு முறைப்பாடு மட்டுமே, அது தீர்ப்பு இல்லை என்பதே எங்கள் கருத்து.

சென்சர் சைலன்சர் குழாயில் இருந்துகொண்டு, புகையில் மிச்சமிருக்கும் ஒட்சிசனை அளக்கிறது. சூடான நல்ல சென்சரின் வோல்ட் 0.1க்கும் 0.9க்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துத்தான் கார் கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிறது. இப்போ நம்ம தோட்டப் பாதையை யோசிங்க. கல்லில் இடித்து, சென்சருக்கு முன்னால் குழாய் வெடித்தால் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சர் "பெற்றோல் குறைவு" என்று சொல்லும், கம்பியூட்டர் இன்னும் ஊற்றும். பழுது குழாயில், பழி சென்சர் மேல்! P0135 என்று வந்தால் அது சென்சரைச் சூடாக்கும் ஹீட்டர் சுற்று பற்றியது. பியூஸ் போயிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம்.

சென்சர் பழுதாகாதா? ஆகும், அதற்கும் வயசு இருக்கு. சோதித்துப் பார்த்து அது செத்துவிட்டது என்று தெரிந்தால் மாற்றத்தான் வேணும். "சும்மா லைட்தானே" என்று டேப் ஒட்டி ஓடினால் பெற்றோல் வீணாகும், கட்டலிட்டிக் கன்வேர்ட்டர் சூடேறிக் கெடும், வருஷ லைசன்ஸுக்கான புகைப் பரிசோதனையில் காபனோரொட்சைட்டு கூடிக் கார் பெயிலாகும். கன்வேர்ட்டரையே கழற்றச் சொல்பவர்கள் செலவைக் குறைக்கவில்லை, லயன் வாசலில் விளையாடும் பிள்ளைகளின் மூச்சில் ஏற்றிவிடுகிறார்கள்.

2024இல் தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1,350 ரூபாயாக வர்த்தமானியில் வந்தது. அதற்கு எத்தனை வருஷம் கத்தினோம் என்பது நமக்குத் தெரியும். ஹயர் காசாகக் கைமாறுவதும் அந்தச் சம்பளம்தான். அதை ஊகத்தில் வாங்கும் சாமானுக்குக் கொட்டக் கூடாது.

ஆகவே பணத்தை எடுக்கும் முன்னால் கராஜில் கேளுங்க: "பாஸ், குழாயில லீக் பார்த்தீங்களா? பியூஸும் வயரும் சரியா? எஞ்சின் சூடான பிறகு வோல்ட் எப்படி ஓடுது?" நல்ல பாஸ் இதுக்குக் கோபப்பட மாட்டார், மீற்றரைக் கொண்டுவந்து காட்டுவார். காட்டாமலே "மாத்திப் பார்ப்போம்" என்கிறவரிடம் காரை விடாதீங்க.