தில்லை மரம் அறியாத தில்லைக் குழந்தைகள்

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயர் ஒரு மரத்தினால் வந்தது. அம்மரம் ஸ்தல புராணத்தில் மட்டும் உள்ளதன்று. நகரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்துவாரத்திற்கும் கொள்ளிட முகத்துவாரத்திற்கும் இடையே பரந்து கிடக்கும் பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில் அது இன்றும் தழைத்து நிற்கிறது. ஆயினும், தில்லை என்ற பெயரை அன்றாடம் கேட்டு வளரும் சிதம்பரத்துச் சிறுவர் சிறுமியரில் எத்தனை பேர் அம்மரத்தை நேரில் கண்டிருக்கின்றனர்? அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்குக் கேடு என்பதை எத்தனை பேர் அறிவர்? இக்கேள்வியைக் கடலூர், சிதம்பரம் வாசிகளின் முன் வைக்க விரும்புகிறோம்.

இயற்கைப் பாடம் நம் பள்ளிகளில் இல்லையென்று சொல்வதற்கில்லை. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1991-ல் உத்தரவிட்டது. 2001-ல் தேசியப் பசுமைப் படை என்னும் திட்டம் ஏற்பட்டு, பள்ளிகளில் மாணவர் மன்றங்கள் தோன்றின. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை உரிமையாக்கிய 2009-ம் வருஷத்துச் சட்டம், பள்ளிக்கூடத்திற்கு விளையாட்டு மைதானம் வேண்டுமென்று தன் அட்டவணையிலேயே கூறுகிறது. காகிதத்தில் குறைவொன்றுமில்லை. ஆனால், புஸ்தகத்தில் படம் பார்த்துப் பரீட்சையில் விடை எழுதுவதோடு முடிந்துபோவது இயற்கைப் பாடமாகுமா? பரீட்சை நெருங்கியதும் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுவது யாருக்குத் தெரியாத விஷயம்?

1918-ல் கடலூர்ச் சிறையில் அடைபட்டிருந்த பாரதியார், குழந்தைகளுக்கென்று பாடிய பாப்பாப் பாட்டில் மாலைப் பொழுதை விளையாட்டுக்கே ஒதுக்கினார். அவருடைய படத்திற்கு மாலையிடும் பள்ளிகள், அவர் குழந்தைக்குக் கொடுத்த மாலை நேரத்தைத் தனி வகுப்புக்கென்று பறித்துக்கொள்வது என்ன நியாயம்?

இது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சு அன்று. உயிரைப் பற்றிய பேச்சு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் பொங்கி வந்து கடலூர் ஜில்லாவில் 600-க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. பிச்சாவரத்துக் காட்டின் மறைவில் இருந்த கிராமங்களில் சேதம் குறைவென்று ஆராய்ச்சியாளர் சிலர் எழுதினர். கடலிலிருந்து விலகியும் மேட்டிலும் இருந்ததே காரணமென்று வேறு சிலர் மறுத்தனர். எவர் கூற்று சரியாயினும், காட்டையும் கரையையும் மேட்டையும் அறிந்திருப்பது அவசியம் என்பதில் இரு தரப்பாருக்கும் பேதமில்லை. அதே தினத்தில், சுமத்ராவுக்கு அருகிலுள்ள சிமுலுவே தீவின் மக்கள், 1907-ல் வந்த பேரலையைப் பற்றிப் பாட்டிமார் சொல்லிவந்த கதையை நினைத்துக் குன்றுகளுக்கு ஓடினர். பல்லாயிரவர் வாழும் அத்தீவில் மாண்டவர் ஏழே பேர் என்பர். தாய்லாந்துக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்னும் 10 வயது ஆங்கிலச் சிறுமி, இரண்டு வாரங்களுக்கு முன் பூகோள வகுப்பில் கேட்டதை நினைவுகூர்ந்து பெற்றோரை எச்சரித்தாள். அங்கிருந்தோர் உயிர் தப்பினர். நம் கரையில் மாண்டோர் மீது குறை கூறுவது நமது நோக்கமன்று. வீட்டில் கேட்ட கதையும் பள்ளியில் கேட்ட பாடமும் உயிர் காக்கும் என்பதையே சொல்லுகிறோம். 2011 டிசம்பர் 30-ல் இதே ஜில்லாவைத் தாக்கிய தானே புயலை மறந்தவர் யார்? கடல் நம்மை விட்டு விலகிப் போகப் போவதில்லை.

கற்பிக்க ஆளில்லை என்று சொல்ல வேண்டாம். பிச்சாவரத்து நீரோடைகளில் வெறுங்கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்கள் இருக்கின்றனர். காற்றையும் நீரோட்டத்தையும் கண்டே நாளைய நிலையைச் சொல்லும் தேவனாம்பட்டினத்து மீனவர் இருக்கின்றனர். இவர்களுடைய குழந்தைகள் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்காருகின்றனர். அவர்கள் அறிந்ததற்கு மார்க்கு இல்லை. படகு ஏறியதும் அதே குழந்தை வகுப்புக்கே உபாத்தியாயர் ஆவதைக் காணலாம். வெண்கண்டல் மரம் சேற்றுக்கு மேல் வேரை நீட்டிச் சுவாசிப்பதையும், சுரபுன்னையின் விதை தாய் மரத்தில் இருக்கும்போதே முளைவிடுவதையும் அக்குழந்தை சுட்டிக் காட்டும். அதன் சாஸ்திர விளக்கத்தைச் சொல்லப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலகத்தார் மதிக்கும் பிச்சாவரத்தை, அருகில் வாழும் குழந்தை அறியாதிருப்பது நமக்கு அவமானமன்றோ?

மார்க்கு குறையும், ஆபத்து நேரும், செலவாகும் என்று பெற்றோர் சிலர் ஆட்சேபிக்கக்கூடும். ஓடி ஆடிக் களைத்து வந்த குழந்தை படிப்பில் மனம் ஊன்றும் என்பதை அனுபவமுள்ள எந்த உபாத்தியாயரும் சொல்வார். ஆபத்தோ, நீரை அறியாதவனுக்கே அதிகம். செலவைப் பற்றி ஒரு வார்த்தை: தொலைவிலுள்ள கேளிக்கைப் பூங்காக்களுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லக் கிடைக்கும் பணம், பக்கத்திலிருக்கும் கழிமுகத்திற்குப் போக மட்டும் கிடைக்காதா?

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். மாதத்தில் ஒரு நாளேனும் வகுப்பு வெளியில் நடக்க வேண்டும். கெடிலக் கரையும், வீராணம் ஏரியும், பிச்சாவரமும் பாடசாலைகளாக வேண்டும். அரசுப் பள்ளிக் குழந்தைகளிடம் படகுக் கட்டணம் வாங்கலாகாது. வழிகாட்டும் இருளருக்கும் மீனவருக்கும் தக்க ஊதியம் அளிக்க வேண்டும். விளையாட்டு வேளையை எந்தப் பாடத்திற்கும் எடுக்கலாகாது. ஆண் குழந்தைக்குள்ள மைதானம் பெண் குழந்தைக்கும் உண்டு.

சர்க்கார் செய்யட்டும் என்று காத்திராமல் பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் பருவத்தில், ஒரு விடுமுறை நாளில், குடும்பத்தோடு கடற்கரைக்குச் செல்லுங்கள். காட்டையும் கடலையும் காக்க வேண்டுமென்று மேடைகளில் முழங்கும் தேசத் தொண்டர்கள் முதலில் தம் குழந்தையின் கையைப் பிடித்து அவற்றைக் காட்டட்டும். கண்டறியாத ஒன்றை எவரும் நேசிப்பதில்லை. நேசியாத ஒன்றைக் காக்க எவரும் எழுவதுமில்லை.