பப்பாளிப் பாலும் முதுகுத்தண்டும்

சந்நிதியில் விழுந்து வணங்கி எழுவதற்குள் இடுப்பில் சுரீரென்று கிளம்பிக் குதிகால் வரை இறங்கும் வலியால் வாடுவோர் பலர். ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்று அதனை வழக்கில் கூறுவர். உண்மையில் நிகழ்வது விலகல் அன்று. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் அமைந்த வட்டின் புறவளையம் கிழிய, உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துகிறது. அவ்விடத்தில் அழற்சியும் சேர்ந்து வலியைப் பெருக்குகிறது.

அக்கூழைக் கத்தியின்றி ஊசியாலேயே கரைக்கலாம் என்னும் எண்ணத்துக்கு வித்திட்டது பப்பாளி. காயைக் கீறினால் வடியும் பாலில் பப்பைன் என்னும் நொதி உண்டு. அதனை முயல்களுக்குச் செலுத்திய அமெரிக்க மருத்துவர் லூயிஸ் தாமஸ், நிமிர்ந்து நின்ற காதுகள் துவண்டு விழுந்ததையும், சில நாள்களில் மீண்டும் நிமிர்ந்ததையும் 1956-இல் எழுதினார். குருத்தெலும்பை அந்நொதி தளர்த்தியதே காரணம். இதனை அறிந்த லைமன் ஸ்மித், அதே பாலில் உள்ள கைமோபப்பைன் என்னும் மற்றொரு நொதியை 1963-இல் மனிதரின் வட்டினுள் செலுத்தினார். 1982-இல் அமெரிக்க அரசும் ஒப்புதல் அளித்தது. ஆயினும் சிலருக்குக் கடும் ஒவ்வாமையும், மிகச் சிலருக்குத் தண்டுவடப் பாதிப்பும் நேர்ந்தமையால் அம்மருந்து வழக்கொழிந்தது. எண்ணம் மட்டும் அழியவில்லை. கொண்டோலியேஸ் என்னும் வேறொரு நொதிக்கு 2018-இல் ஜப்பான் ஒப்புதல் தந்தது.

நம் ஊர்களில் பரவலாக இடப்படுவது ஸ்டீராய்டு ஊசி. எக்ஸ்ரே திரையில் இடம் பார்த்து நரம்பருகே செலுத்துவர். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். இது கூழைக் கரைப்பதில்லை. உள்ளே தள்ளுவதும் இல்லை. அழற்சியைத் தணித்துச் சில வாரங்களோ சில மாதங்களோ வலியைக் குறைக்கும். அந்த இடைவெளியில் பிதுங்கிய கூழ் பலருக்குத் தானே சுருங்கிவிடுகிறது. ஆகவே ‘ஒரே ஊசியில் நிரந்தரக் குணம்’ என்னும் விளம்பரத்தை நம்பிச் சேமிப்பைக் கரைக்க வேண்டா.

நீரிழிவு உள்ளோருக்கு இவ்வூசியால் சில நாள்கள் சர்க்கரை ஏறக்கூடும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதனை முன்னரே மருத்துவரிடம் கூறுதல் இன்றியமையாதது. அரிதாக நரம்பு மண்டலத்துக்குப் பெருந்தீங்கு நேர்வதும் உண்டென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014-இல் எச்சரித்தது. எனவே தேர்ந்த கைகளையே நாட வேண்டும். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிக்க இயலாமல் போனாலோ, தொடைகளின் இடையே மரத்தாலோ ஊசியைப் பற்றி எண்ணிக் காத்திருத்தல் தகாது. அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

நேர்த்திக்கடனுக்கு அஞ்சி, வலியோடு அங்கப்பிரதட்சிணம் செய்ய முனைவோரும் உளர். இரு கைகளையும் சிரமேற் குவிக்கும் திரியாங்க நமஸ்காரமும் சைவ மரபு வகுத்த வணக்கமே. நரம்பு ஆறும் வரை நின்றபடி கும்பிடலாம். ஈசன் அதனைக் குறையாகக் கொள்ளான்.